சுண்டெலியின் ஃபோல்டர்

மறுபடியும் அதே சிவப்பு வரி: 'அனுமதி மறுக்கப்பட்டது.' மடிக்கணினியைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்றிருந்தது தங்கைக்கு. அடிக்க முடியாது, அது அக்காவுடையது.

அக்கா கூடத்தில் கிடந்தாள். நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் ஓயவில்லை.

"கூடப் பொறந்தவ பொணமா கெடக்கா, இவ பொட்டி தட்டுறா," என்று அத்தை கதவுக்குள் தலையை நீட்டினாள். "படிச்ச திமிரு."

"படிக்காத திமிருக்கு இது தேவல அத்தை. கதவ சாத்துங்க."

கடைசி வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அக்கா சரிசெய்த மென்பொருள். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக்காட்டும். பார்வையில்லாத பிள்ளைகளின் பள்ளியில் அது ஊமையாகியிருந்தது. நாளைக்கு அவர்களுக்குப் பரீட்சை. "என் மெஷின்ல ஓடுதுடி. கட்டி அனுப்பிடு," என்றாள். அதற்கப்புறம் அவள் தெளிவாகப் பேசவில்லை.

கட்டுவது என்றால், மூல நிரலிலிருந்து யாரும் நிறுவிக்கொள்ளும் பொதியாக்குவது. மூடிய அறைக்குள் நடக்கிற வேலை, சாண்ட்பாக்ஸ் என்பார்கள். அறைக்கு வெளியே ஒரு துரும்பைக்கூடத் தொட விடாது. இந்தச் சனியன் வெளியே எதையோ தொடப் பார்க்கிறது. எதை?

போன் அடித்தது. பள்ளியின் கம்ப்யூட்டர் வாத்தியார்.

"இன்னிக்குப் போய் இதெல்லாம் வேணாம்மா. பரீட்சைய தள்ளி வைக்கச் சொல்லிப் பாக்கறேன்."

"வைப்பாங்களா சார்?"

அவர் தயங்கித் தயங்கி, "அந்த சாண்ட்பாக்ஸ அணைச்சுட்டு கட்டினா?"

"இங்க ஓடும். அங்க வந்து பல்ல இளிக்கும்."

ஃபோல்டர்களின் உரிமைகளை மாற்றிப் பார்த்தாள். அசையவில்லை. பிறகுதான் உறைத்தது, கடைசிப் பிழையையே முறைத்துக்கொண்டிருக்கிறோம் என்று. திரையில் ஓடி முடிந்த வரிகளின் பதிவை மேலே தள்ளினாள். இன்னும் மேலே. முதல் பிழை அங்கே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. குரல் கோப்பை மென்பொருள் எழுதப் போன இடம்: ஹோம், அதற்குள் சுண்டெலி, அதற்குள் குரல்.

வீட்டில் அக்காவின் பெயர் சுண்டெலி. கணினியிலும் அதையே வைத்திருந்தாள். கட்டிலில் கிடந்த அவசரத்தில் தன் சொந்த ஃபோல்டரின் முகவரியையே நிரலுக்குள் எழுதிவிட்டாள். அவள் மெஷினில் ஓடாமல் என்ன செய்யும்!

"மாட்டிக்கிச்சு!"

அவள் கத்திய கத்தலில் கூடத்தில் அழுகை நின்றது.

விரல்கள் பறந்தன. முகவரியைப் பின்னாலிருந்து அழித்துக்கொண்டே வந்தாள். சுண்டெலியில் விரல் நின்றது. பிறகு அதையும் அழித்தாள், ஒவ்வொரு எழுத்தாக. அந்த இடத்தில் பொதியின் சொந்த ஃபோல்டரைக் குறித்து ஓடவிட்டாள். வரிகள் மழையாக இறங்கின. சிவப்பு இல்லை. இன்னும் இல்லை. முடிந்தது! எழுந்து நின்றுகொண்டே பள்ளிக்கு அனுப்பினாள்.

அம்மா வீங்கிய முகத்தோடு வந்தாள். "என்னடி கத்தற?"

"அக்காவோடது கட்டிருச்சும்மா! இனிமே எல்லா மெஷின்லயும் ஓடும்!"

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. திரையை விரலால் தடவினாள்.

"இதுல அவ பேரு எங்க இருக்கு?"

தங்கை திரையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். நல்லவேளையாகப் போன் அடித்தது. எடுத்தால் வாத்தியார் பேசவில்லை. தட்டையான ஒரு குரல் ஏதோ பாடத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தது. அதை அமுக்கிக்கொண்டு பிள்ளைகளின் கூச்சல்: "பேசுதுடா! டேய், பேசுதுடா!"

போனை அம்மாவின் காதில் வைத்தாள்.

"நேரமாச்சு, தூக்கிரலாமா?" என்று கூடத்திலிருந்து யாரோ கேட்டார்கள்.

அம்மா திரும்பவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பொறுங்கள் என்று மற்றக் கையைக் கூடத்துப் பக்கம் நீட்டினாள்.