லியோட்டா வீட்டு வளையம்

"இன்னிக்கும் லியோட்டா வீட்டுக்கா?" என்று கேட்டேன்.

"அந்த வளையம் இன்னும் கழலல, மார்னா. எண்ணெயில ஊறுது."

"ஊறுகாயா போடற, ஆர்விட்?"

என் கணவர் தொப்பியை எடுத்தார். நல்ல தொப்பி. மாடுகளிடம் போகும்போது போடுவது வேறு.

லியோட்டாவின் கணவன் கிளைட் போன குளிர்காலத்தில் இறந்தான். அவனுடைய பழைய ரைஃபிளுக்குக் கடையில் தோட்டா கிடைப்பதில்லை. சுட்ட பித்தளைக் கூட்டிலேயே மறுபடி வெடிமருந்து நிரப்பியாக வேண்டும். இந்த வருஷம் மான் வேட்டைக்குத் தானே போவதாக லியோட்டா சொல்லிவிட்டாள். நிரப்பும் கருவியோ கொட்டகையில் கிடந்து துருப்பிடித்துவிட்டது. கூட்டை இறுக்கும் அச்சில், உயரத்தைப் பிடித்து நிறுத்தும் வளையம் மரையோடு ஒட்டிக்கொண்டதாம். அதைக் கழற்றத்தான் ஆர்விட் தினமும் மத்தியானம் போய், சாயங்காலம் வாயெல்லாம் அவள் சுட்ட ஆப்பிள் பை பலகாரத்தின் வாசனையோடு திரும்பி வந்தார்.

"நானும் வரேன்" என்றேன்.

"உனக்கு அங்க என்ன வேலை?"

"உனக்கு அங்க என்ன வேலையோ அதேதான்."

லியோட்டா கதவைத் திறந்தாள். காதில் தொங்கட்டான்.

"அட, மார்னா. உள்ள வா. ஆர்விட், காப்பி சூடா இருக்கு, உன் நாற்காலில உக்காரு."

அவருக்கு இங்கே நாற்காலியே இருக்கிறது.

அச்சைக் கையில் எடுத்தேன். எங்கள் வீட்டில் தோட்டா நிரப்புவது நான்தான். மருந்தை நிறுக்க ஆர்விட்டுக்குப் பொறுமை கிடையாது. வளையத்தைத் திருகினேன். அசையவில்லை. மேலே ஒரே துரு. ஆனால் அதன் பக்கவாட்டில் இருந்த குட்டித் திருகின் தலையில் மட்டும் துரு இல்லை.

"அதைத் தொடாத, மார்னா, உடைஞ்சிரும்" என்றார் ஆர்விட்.

"ஏன், உன்கிட்ட மட்டுந்தான் கழலுமா?"

லியோட்டா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. திருப்புளியை வைத்ததும் திருகு வெண்ணெய் போலச் சுற்றியது. துரு நெரிபடும் சத்தம்கூட இல்லை. வெளியே எடுத்துவிட்டு, வளையத்தின் எதிர்ப்பக்கத்தைத் திருப்புளியின் மரப்பிடியால் ஒரு தட்டு தட்டினேன். ஓட்டையிலிருந்து ஒரு சின்ன ஈயக் குண்டு மேஜைமேல் விழுந்தது. அதன் பிறகு வளையம் விரலாலேயே சுழன்றது.

"அது என்ன?" என்று லியோட்டா குனிந்தாள்.

"திருகோட முனை மரையைக் கடிச்சிடாம இருக்க நடுவுல இதை வைப்பாங்க. பறவைத் துப்பாக்கில போடற குண்டு."

"கிளைட் பறவையே சுட மாட்டானே. இந்த வீட்டுல அந்தக் குண்டு ஏது?"

ஈயம் சில வருஷத்தில் சாம்பல் பூத்துவிடும். இது பளபளவென்று இருந்தது. எங்கள் அலமாரியில் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. வளையத்தை ஆர்விட் என்றைக்கோ கழற்றிவிட்டு, புதுக் குண்டு வைத்து மறுபடி இறுக்கியிருக்கிறார். ஆர்விட் காப்பிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

குண்டை அவர் உள்ளங்கையில் வைத்து மூடினேன்.

"எங்கேர்ந்தோ வந்திருக்கு" என்றேன். "தோட்டாவை எங்க வீட்டுலேயே நிரப்பலாம், லியோட்டா. நீ கூட்டை எடுத்துட்டு வா. நானே சொல்லித் தரேன்."

"நல்லதாப் போச்சு" என்றாள் லியோட்டா. ஆனால் அந்த நாற்காலியை ஒரு தடவை பார்த்தாள்.

வண்டியில் ஏறி, பாதி வழியில் கேட்டேன்.

"அவளைத் தொட்டியா?"

"பைத்தியமா உனக்கு?"

"பின்ன அங்க என்ன பண்ணின?"

"பேசினேன்."

"என்ன பேசின?"

"ஆத்துக்கு அந்தப்பக்கம் கிளைடும் நானும் மானைத் தொலைச்சோமே, அது."

அந்தக் கதையை எங்கள் வீட்டில் அவர் ஆரம்பித்தால் நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவேன். அதைத்தான் அங்கே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார். தொட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது என்று தோன்றியது.

"சொல்லு" என்றேன்.

"உனக்குத்தான் தெரியுமே."

"அவளுக்குச் சொன்ன மாதிரி சொல்லு."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ஆற்றங்கரை வந்தது, குதிரை மிரண்டது.

"இந்த இடத்துல அவ என்ன கேட்டா?"

"பனி பெஞ்சுதான்னு கேட்டா."

இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டதில்லை.

"பெஞ்சுதா?" என்றேன்.

எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி வண்டி போய்க்கொண்டே இருந்தது.