வண்டி வந்த தேதி

திரையில் சிவப்பாக ஒரு கோடு ஓடியது. "தேவைக்கு மேல் தேங்கிய சரக்கு" என்று அதன் மேல் எழுதியிருந்தது. அந்தக் கோட்டைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

தண்ணீர்த் தொட்டி வார்க்கும் அந்தத் தொழிற்சாலையில் பதினாறு வருஷமாக ஸ்டோர் அவள் பொறுப்பு. பிளாஸ்டிக் குருணை மூட்டை ஒன்றுகூட அவள் கையெழுத்தில்லாமல் உலைக்குப் போகாது. எல்லோருக்கும் அவள் ஸ்டோர்க்கா. தம்பியோ, மூலப்பொருள் இருப்பைத் தரவுகளை வைத்துச் சீர்செய்துதர வெளிக் கம்பெனியிலிருந்து வந்தவன். வாயைத் திறந்தால் புள்ளிவிவரம். அதனால் முதல் வாரமே அவனுக்குப் 'புள்ளி' என்று பேர் விழுந்துவிட்டது.

"இருபத்திரண்டு நாளைக்குக் குருணை வெச்சிருக்கீங்க. ஆர்டர் போட்ட ஏழாம் நாள் சரக்கு வந்துடுதுன்னு மூணு வருஷப் பதிவு சொல்லுது. ஒன்பது நாளைக்கு இருந்தா போதும்," என்றான்.

"ஏழாம் நாளா? எந்த உலகத்துல?" என்றாள் அவள்.

பர்ச்சேஸ் மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "அக்காவுக்கு மூட்டைங்க மேல பாசம். பிரிய மனசு வரல."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. தம்பியும் சிரித்தான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

வேலை முடியும்வரை அவன் தங்கியிருந்தது அவள் வீட்டு மாடியறையில். அன்று அவன் முன்னால் தட்டை நங்கென்று வைத்தாள்.

"பதினஞ்சு நாளுக்குக் குறைஞ்சு வண்டி வர்றதே அபூர்வம்டா."

"அப்புறம் ஏன் கம்ப்யூட்டர்ல ஏழுன்னு இருக்கு?"

"தேதி ஏத்தறது பர்ச்சேஸ் ஆபீஸ். அங்க போய்க் கேளு."

"கேட்டேன்க்கா. வண்டி சரியாத்தான் வருது, ஸ்டோர்ல இறக்கத்தான் இழுத்தடிக்கிறாங்கன்னு மேனேஜர் சொன்னார்."

"அவர் சொன்னா வேதவாக்கு, நான் சொன்னா வாய்க்கொழுப்பு. அப்படித்தானே?"

அவன் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான். அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

இருப்பைக் குறைத்தார்கள். ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, ஸ்டோர் துடைத்துவிட்ட மாதிரி காலியானது. உலை நின்றது. ஒப்பந்த ஆட்கள் அறுபது பேரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். சரக்கு வந்து சேர நாலு நாள் ஆயிற்று. அதற்குள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறியது: 'ஸ்டோர் பொறுப்பாளரின் அலட்சியத்துக்கு விளக்கம் கேட்கப்படுகிறது.'

படித்தவளுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. விளக்கம் எழுத அவள் பேனாவை எடுக்கவில்லை. நேராக வாசலுக்குப் போனாள். உள்ளே வரும் ஒவ்வொரு லாரியின் எண்ணையும் நேரத்தையும் காவல்காரர் கைப்பட எழுதிவைக்கும் நோட்டுகள் அங்கே அடுக்கியிருந்தன. மூன்று வருஷத்துக்குப் பதினோரு நோட்டு. அத்தனையையும் அள்ளிவந்து தம்பியின் மேசையில் தொப்பென்று போட்டாள்.

"இதுவும் தரவுதான். எடுத்து உன் மெஷினுக்கு ஊட்டு."

இரண்டு நாள் உட்கார்ந்து ஒப்பிட்டவன், மூன்றாம் நாள் முகம் வெளிறி ஸ்டோருக்கு வந்தான்.

"நூத்தி நாப்பத்திமூணு வண்டிக்கா. கம்ப்யூட்டர்ல எல்லாமே சப்ளையர் சொன்ன தேதியிலயே வந்ததா பர்ச்சேஸ் மேனேஜர் ஏத்தியிருக்கார். அவர் பிடிச்ச சப்ளையர்ங்க தாமதம்னா அவர் பேருதானே கெடும். நிஜத்துல வாக்கு தவறாம வந்தது ஆறே வண்டி." தலையைக் குனிந்துகொண்டான். "ஒரு நாள்கூட முன்னப்பின்ன இல்லாம அவ்வளவு சுத்தமா இருந்தப்பவே எனக்கு உறுத்தியிருக்கணும்."

"உறுத்தல. சிரிச்சே," என்றாள்.

மறுபடி கூட்டம். தம்பி திரையில் 'பதிவுகளில் சிறு முரண்பாடு' என்று தலைப்பிட்டிருந்தான். பர்ச்சேஸ் மேனேஜர், "நடைமுறைக்காக அப்படி ஏத்தறது வழக்கம்தான்," என்று ஆரம்பித்தார்.

அவள் எழுந்தாள். "முரண்பாடும் இல்ல, வழக்கமும் இல்ல சார். பொய். அந்தப் பொய்யாலதான் அறுபது பேர் வீட்டுல உக்காந்தாங்க. என் பேரைப் பலகையில ஒட்டினீங்கல்ல? அதே பலகையில தப்பு யாருதுன்னு ஒட்டுங்க. அப்புறம் நீங்களே வார்ப்புக் கூடத்துக்குப் போய் அவங்ககிட்டச் சொல்லுங்க."

நிர்வாக இயக்குநர் அம்மா தொண்டையைச் செருமினார். "உங்க கோபம் புரியுது. பொறுமையா..."

"பதினாறு வருஷப் பொறுமை, மேடம். தீர்ந்துபோச்சு."

அந்தத் தாளைக் கிழித்தார்கள். 'ஸ்டோர் மேல் தவறில்லை' என்று வேறு தாள் ஒட்டினார்கள். தவறு யாருடையது என்று அதில் இல்லை. வண்டித் தேதியை இனி வாசலிலேயே பதியவேண்டும் என்று உத்தரவு வந்தது. திருத்திய கணக்கில், பத்தொன்பது நாள் இருப்பு வேண்டும் என்று தெரிந்தது. தான் வைத்திருந்த மிச்ச மூன்று நாள் தன் பயம்தான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள். பர்ச்சேஸ் மேனேஜரை, பதவி குறையாமல், வேறு ஆலைக்கு மாற்றினார்கள். வார்ப்புக் கூடத்துப் பக்கம் அவர் எட்டிப்பார்க்கவே இல்லை.

தம்பி போனான். யாரும் சொல்லாமலே, சாப்பாட்டு இடைவேளையில், உலைக்கு முன்னால் நின்று, "அந்தக் கணக்கு நான் போட்டது. விசாரிக்காம போட்டேன்," என்றான்.

அச்சு துடைக்கும் பெண் ஒருத்தி துணியைக் கீழே எறிந்தாள். "நாலு நாள் என் வீட்டுல என்ன நடந்துச்சு தெரியுமா உனக்கு? புள்ளி போட்டு அதைக் காட்டுவியா?" பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

கூடத்து வாசலில் நின்றிருந்த அக்காவுக்கு, போய் அவன் பக்கத்தில் நிற்க ஒரு கணம் கால் எழுந்தது. கதவைப் பிடித்துக்கொண்டாள். கேட்கட்டும், முழுசாகக் கேட்கட்டும் என்று அங்கேயே நின்றாள்.