அசையாத தேனீ

அந்தத் தேனீ பதினேழு மணி நேரம் எங்கள் வீட்டு ஃப்ரீஸரில் இருந்தது. ஒரு மாத்திரை டப்பாவுக்குள், ஐஸ் தட்டுக்குப் பின்னால். காலையில் அதைக் கண்டுபிடித்த அண்ணியிடம், எடுக்க மறந்துவிட்டேன் என்று சொன்னேன்.

"நல்லவேளை, ஜூஸ்ல போடறதுக்கு முன்னாடி பார்த்தேன்," என்றாள். அத்தோடு விட்டுவிட்டாள்.

எல்லாம் ஒரு லென்ஸால் வந்தது. மூடிப்போன ஸ்டூடியோ ஒன்றின் சாமான்களோடு பழைய பொருள் கடைக்கு வந்திருந்தது. ஒரு காலத்தில் ஃபிலிமைப் பெரிய படமாக அச்சடிக்க உதவியது. ஓரத்தில் கீறல். ஆனால் திருப்பி மாட்டினால் உப்புக்கல் பாறை மாதிரி தெரியும். இருமல் மருந்து பாட்டிலின் கழுத்தை அறுத்து, கறுப்பு டேப் சுற்றி, அதைக் கேமராவில் பொருத்தினேன். "கேமராவுக்குச் சளியா?" என்று அண்ணன் கேட்டான்.

அந்த லென்ஸில் ஒரு படத்துக்கு ஒரு தலைமுடியின் கனம்தான் தெளிவாக விழும். பூச்சியின் கண் தெளிந்தால் உணர்கொம்பு மங்கிவிடும். நான் வேலை செய்யும் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் கழித்துப்போட்ட நுண்ணோக்கியின் திருகைக் கேட்டு வாங்கி வந்தேன். அதை இம்மி இம்மியாக நகர்த்தி, அறுபத்து நான்கு படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றாக்க வேண்டும். அதுவரை எதிரில் இருப்பது அசையக் கூடாது. உப்பு அசையாது.

நான் இருக்கும் புகைப்படக் குழுவின் போட்டிக்கு ஒரே விதி: உயிருள்ளதை, இருந்த இடத்திலேயே எடுக்க வேண்டும். செத்த தேனீயை மாடித் தொட்டிச் செடியில் கிள்ளிய இலையில் பசை தொட்டு உட்கார வைத்து எடுத்த படத்தை அனுப்பினேன். முதல் பரிசு கிடைத்தது. எப்படி எடுத்தீர்கள் என்று மேடையில் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டேன். "என்ன அடக்கம் பாருங்க!" என்று கைதட்டினார்கள். கூச்சம் எனக்குப் பழக்கம்தான். இது அது இல்லை.

இரண்டாம் பரிசு எங்கள் தெருவுக்கு வரும் தபால்காரருக்கு. போன ஞாயிற்றுக்கிழமை கேமராப் பையோடு வீட்டுக்கு வந்தார்.

"இன்னிக்குத் தபால் இல்லைம்மா, நானேதான் வந்திருக்கேன்."

"கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணுமா அண்ணே?" என்று கேட்டுவிட்டு, அண்ணி டீ போட உள்ளே போனாள்.

அவர் பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார். அதே கடை, அதே வகை.

"உங்க படத்துக்குக் கீழ கடை, லென்ஸ், அறுபத்து நாலு படம்னு எல்லாம் குறிப்பு போட்டிருந்தீங்களே, அதைப் பார்த்துதான் வாங்கினேன் தங்கச்சி. பதினாலு நாள். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஆபீஸ் பின்னாடி புதர்ல போய் உட்காருவேன். ஆறு படம் எடுக்கறதுக்குள்ள பறந்துடுது. உங்களுக்கு மட்டும் எப்படி அறுபத்து நாலு படத்துக்கு உட்கார்ந்துச்சு?" இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். "கை நடுங்குது போல. தம்பி மகளுக்குக் கேமராவைக் கொடுத்துட்டு விட்டுடலாம்னு இருக்கேன்."

கேமராவின் சின்னத் திரையில் படங்களைக் காட்டினார். பாதி இறக்கை. மகரந்தம் ஒட்டிய ஒரு கால். புறப்பட்டுப் போன தேனீ விட்டுச்சென்ற மங்கலான கோடு. ஒவ்வொன்றிலும் உயிர் இருந்தது.

"உங்க கை நல்லாத்தான் இருக்கு," என்றேன். "என் தேனீ ஃப்ரீஸர்ல இருந்துச்சு. செத்ததுக்கு அப்புறம்தான் எடுத்தேன்."

அவர் லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "கொஞ்ச நேரம் குளிர்ல மயங்கட்டும்னு வைச்சு, எடுக்க மறந்துட்டா அண்ணே, பாவம். நான்தான் காலைல பார்த்தேன்."

அவர் முகம் தெளிந்தது. எனக்கு அதைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"மறந்துட்டீங்களா? அட, அப்ப விடுங்க. வேணும்னேவா செஞ்சீங்க? குழுவுல ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும். நான்கூட என் கைதான் போச்சுன்னு பயந்துட்டேன்." சிரித்தார். "ஆனா யோசனை நல்லா இருக்கு. நாளைக்கு அந்தப் புதர்ல ஒண்ணைப் பிடிச்சு, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைச்சுப் பார்க்கறேன். நான் மறக்க மாட்டேன். மணி பார்த்தே வாழ்ந்தவன்."

லென்ஸைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

"அரை மணி நேரம் பத்தாது," என்றேன்.

"அப்படியா? எவ்வளவு வைக்கணும்?"

அண்ணி கோப்பைகளோடு வந்து நின்றாள்.

"நானும் முதல்ல ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல அரை மணி நேரம்தான் வைச்சேன். வெளியே எடுத்து முப்பது படம் எடுத்தேன். அடுத்ததுல காலைத் தூக்குச்சு. மெதுவா மூஞ்சியைத் துடைச்சுக்குச்சு." அண்ணியைப் பார்க்காமல் சொன்னேன். "நான் மறக்கலை. அது முழிச்சதைப் பார்த்துட்டுத்தான் ஃப்ரீஸர்ல வைச்சேன்."