வர்றேன் என்று சொன்னவர்களின் துணி

எங்கள் சலவைக்கடையில், வெளுக்கப் போட்டுவிட்டுத் திரும்ப வாங்காத துணிக்குப் பாக்கி என்று பெயர். எனக்கும் அதே பெயர்தான்.

ஒரு மழைநாளில் ஒருத்தி ஒரு துணிமூட்டையையும் என்னையும் கடை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாளாம். எனக்கு நடை வந்திருந்தது, பேச்சு வரவில்லை. முதலாளி மூட்டையை வெளுத்துத் தேய்த்து மேல்தட்டில் வைத்தார். என்னைத் தேய்க்கிற மேசைக்கு அடியில் விட்டார். இரண்டையும் கேட்டு யாரும் வரவில்லை.

விவரம் தெரிந்தபிறகு ஒருநாள், "எங்கம்மா என்ன சொல்லிட்டுப் போனாங்க?" என்று கேட்டேன்.

முதலாளி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கரியை ஊதினார். "வர்றேன்னு சொன்னா" என்றார்.

கடையின் சட்டமும் அதுதான். வர்றேன் என்று சொல்லிப்போனவர்களின் துணியை எத்தனை வருஷமானாலும் தொடக்கூடாது. சொல்லாமல் போனவர்களுடையது மழைக்காலம் வந்தால் பெட்டி துடைக்கிற கரித்துணி. இந்தச் சட்டத்துக்குப் பயந்தே முதலாளி அந்த வார்த்தையைத் தன் வாயில் வைத்துக்கொள்ளமாட்டார். பக்கத்துச் சந்துக்குப் போனாலும் "போறேன்" என்பார்.

எதிர்க்கடைத் தையல்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "யோவ், டீ குடிக்கத்தானே போற? வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"வழியில வண்டி மோதி விழுந்தா, சொன்ன வார்த்தைக்கு யார் வர்றது? நீ வருவியா?"

"நீ செத்தாலும் வருவய்யா. என் சட்டையில மடிப்பு கோணல்னு சொல்றதுக்காகவாவது வருவ." பிறகு என்னைப் பார்த்து, "முன்னாடி இந்த ஆளு நல்லாத்தான் இருந்தாரு. உன் மூட்டை வந்தப்புறம்தான் இந்தக் கிறுக்கு" என்பார்.

மேசைக்கு அடியில்தான் வளர்ந்தேன். எல்லாரும் சாப்பிட்டு முடித்து மீந்ததைச் சாப்பிட்டேன். காய்ச்சல் வந்தால் தானாக வந்து தானாகப் போகும். பள்ளிக்கூடம் என்று யாரும் பேச்செடுக்கவில்லை. எழுத்து எனக்கு வளர்ந்த பிறகு, சட்டைக் காலரில் போடும் குறிகளில் இருந்துதான் வந்தது. முதலாளி அடித்ததில்லை, கொஞ்சியதும் இல்லை. குளிர்காலத்தில் மட்டும், கடை மூடும்போது சூடு ஆறாத பெட்டியை என் காலருகே நகர்த்தி வைப்பார். "ஆறுற வரைக்கும் அங்க கிடக்கட்டும், கரி வீணாப் போகும்" என்பார். அப்புறம், "போறேன்."

மேசை என் தலைக்கு எட்டியது, பிறகு இடுப்புக்கு வந்தது. கஞ்சி போட, காயவைக்க, தேய்க்க, எல்லாம் நான். அவருக்கு இருமல் வந்தபிறகு அவர் துணிமேல் தண்ணீர் தெளிப்பதோடு சரி. மூன்று விரலைக் கிண்ணத்தில் முக்கிச் சுண்டுவார். நடுவிரல் பாதிதான் உண்டு, எப்போதோ எந்திரத்தில் போனது. அதனால் அவர் தெளித்தால் நடுவில் ஒரு காய்ந்த கோடு விழும். அந்தக் கோட்டின்மேல் நான் பெட்டியை ஓட்டுவேன்.

ஒருநாள் இருமலில் ரத்தம் வந்தது. அவர் மகள் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். என்னைவிட மூத்தவள், நான் அக்கா என்பேன். ரெண்டு நாள் கழித்து அக்கா மட்டும் வந்து நின்றாள்.

"அப்பா உன்கிட்ட வர்றேன்னு சொல்லச் சொன்னார்டி."

ஆயுசுக்கும் சொல்லாதவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பெட்டியில் தணல் ஆறாமல் பார்த்துக்கொண்டேன்.

மறுவாரம் இறந்துபோனார். அங்கிருந்தே எடுத்துப்போய்விட்டார்கள்.

ஆனால் வந்தார். மத்தியானம், தெரு அடங்கும் நேரத்தில் சளக் சளக் என்று சத்தம் கேட்கும். திரும்பினால், நான் தொடாத சட்டைமேல் ஈரம். நடுவில் காய்ந்த கோடு. முதலில் பயந்தேன். பிறகு அந்தக் கோட்டின்மேல் பெட்டியை ஓட்டினேன், வேறென்ன செய்ய? இருமலும் கேட்க ஆரம்பித்தது. நாளாக நாளாக அது மோசமானது. உயிரோடு இருந்தபோது இருமி முடித்தால் ஒரு ஆறுதல் மூச்சு வரும். இப்போது அது வரவில்லை. மனுஷனுக்குச் செத்தும் ஓய்வில்லை. பெட்டியை ஆறவிடவும் மனசில்லை, அவரை இருமவிடவும் மனசில்லை.

அப்படி ஒரு மத்தியானம் அக்கா வந்தாள். "கடையைக் கொடுத்தாச்சு. போன் ரிப்பேர் பண்ற ஆள் எடுத்திருக்கான். கிளம்பு, என் வீட்டுல இருந்துக்க. உன் கைக்குத் துணியா இல்ல, மலையாட்டம் கிடக்கு."

"நான் எப்படிக்கா வர்றது? முதலாளி வர்றேன்னு சொன்னாரே."

"லூசாடி நீ? செத்தவர் எங்க வர்றது?"

"வந்துட்டுத்தானே இருக்கார். பாவம், ரொம்ப முடியாம வர்றார்."

அக்கா திட்ட வாயெடுத்தாள். சளக் என்றது. அவள் முன்னால் விரித்திருந்த வெள்ளைச் சட்டையில் ஈரம் பரவியது. நடுவில் கோடு.

அவள் அப்படியே துணிக்கூடைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் வர்றேன்னு சொல்லலடி" என்றாள். "பாக்கிகிட்ட போறேன்னு சொல்லிடு, மறக்காம சொல்லிடுன்னார். கட்டில்ல கிடக்கிற மனுஷன் சொன்னதை எப்படி அப்படியே கொண்டாந்து சொல்றது? வாய் வரல. எல்லாரும் வர்றேன்னுதானே சொல்லுவாங்க... மாத்திட்டேன்."

பின்னால் இருமல் கேட்டது.

நான் பெட்டியைத் திறந்தேன். தணலைத் தகரத்தில் கொட்டி, கிண்ணத்துத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

"முதலாளி, நீங்க சொன்னது இப்பத்தான் வந்து சேர்ந்துச்சு. போங்க."

இருமல் நின்றது. அந்தப் பழைய ஆறுதல் மூச்சு ஒன்று வந்தது. சட்டையின் ஈரம் எங்கள் கண்முன்னாலேயே காய்ந்தது.

அக்கா அழுதாள். நான் அழவில்லை. பெட்டி ஆறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மனசுக்குள் அது நுழைந்தது. அம்மா வர்றேன் என்று சொன்னதாக எனக்குச் சொன்னது யார்? கேள்வி கேட்டதும் பெட்டியை நிமிர்த்தி வைத்து, கரியை ஊதி, அதற்குப் பிறகுதானே பதில் சொன்னார்? ஊதுகிற நேரத்தில் அவர் எந்த வார்த்தையை எடுத்துவிட்டு எந்த வார்த்தையை வைத்தாரோ. அவருக்கும் வாய் வரவில்லையோ என்னவோ. கேட்கலாம் என்றால், இப்போதுதான் போகச்சொன்னேன்.

ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டில் இருந்து என் மூட்டையை இறக்கினேன். வாசலில் அக்கா பூட்டைப் பூட்டினாள்.

"என்னடி அது, பழைய மூட்டை?"

"பாக்கி" என்றேன்.