மண் குடித்த தண்ணீர்

எங்கள் மேய்ச்சல் நிலத்தில் பாதி என் வீட்டுக்காரருக்கு, பாதி அவருடைய அக்காவுக்கு. கிணறு மட்டும் முழுக்க அக்கா பக்கம். நாத்தனார் தண்ணீரை நிறுத்தினால் எங்கள் பதினோரு மாடுகளையும் விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

நிறுத்தப் போவதாகத்தான் சொல்லியிருந்தார். மாட்டுக் குளம்பு பட்டால் மண் இறுகிவிடும் என்பது அவர் கட்சி. தன் பாதியில் நாலு வருடமாக ஒரு மாட்டைக்கூட விடாமல் வேலி போட்டு, மண்ணுக்கு ஓய்வு கொடுத்திருந்தார். கல்லூரி ஆய்வகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அளக்காமல் எதையும் நம்பமாட்டார். நான் காபிக்குச் சர்க்கரை போடுவதையே சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை, அடிப்பாகம் வெட்டிய பால்மாவு டப்பாவோடு வந்து இறங்கினார். அதை மண்ணில் பாதி அழுத்தி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, மண் எவ்வளவு நேரத்தில் குடிக்கிறது என்று பார்ப்பாராம்.

"எங்க வைக்கலாம்? நீயே சொல்லுடா" என்றார் தம்பியிடம்.

இவர் ஆர்வக்கோளாறில் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார். சாயங்காலம் இவர் குரல் கொடுத்ததும் மாடுகள் ஓடிவந்து இவரை நக்கும் இடம் அது. உலகத்திலேயே இவருக்குப் பிடித்த இடம். பதினோரு மாடுகள் தினமும் நின்று மிதித்து அது சிமெண்டுத் தரை மாதிரி ஆகியிருந்தது இவர் கண்ணுக்குத் தெரியவேயில்லை. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதில் என் வீட்டுக்காரரை மிஞ்ச ஆளில்லை.

இருபது நிமிடம். தண்ணீர் அப்படியே நின்றது. ஓர் ஈ அதில் விழுந்து, தத்தளித்து, கரையேறியும் போய்விட்டது.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்று டப்பாவைப் பிடுங்கினார் நாத்தனார்.

இவர் முகம் செத்துப்போனது. கன்றிலிருந்து இவர் கையால் பால் புகட்டி வளர்த்த செவலைப்பசு பின்னால் நின்று இவர் சட்டையை மென்றுகொண்டிருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணி, இது மாடு நிக்கிற எடம். மேயற எடத்துக்கு வாங்க" என்றேன்.

நிலத்தை நாற்பது துண்டாகக் கம்பி கட்டிப் பிரித்திருந்தோம். ஒரு நாளைக்கு ஒரு துண்டு. மேய்ந்துவிட்டு மாடுகள் நகர்ந்துவிடும். சாணியும் மூத்திரமும் மிதிபட்ட புல்லும் மண்ணுக்குத் தங்கிவிடும். அடுத்த முறை வருவதற்குள் புல் மறுபடி தழைத்துவிடும்.

போன மாதம் மேய்ந்த துண்டில் புல் முழங்கால் உயரம் நின்றது. டப்பா சிரமமில்லாமல் இறங்கியது. நாத்தனார் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் டப்பா காலி. இன்னொரு லிட்டர் ஊற்றினார். அதையும் காணோம். பழைய சாணியைக் குச்சியால் புரட்டினார். அடியில் வண்டு போட்ட துளைகள் இருந்தன, மண்புழுக்கள் நெளிந்தன.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு தன் பக்கம் போனார். அங்கே பழைய புல் நரைத்து நின்றது. நடுநடுவே வெறும் மண் ஓடு கட்டியிருந்தது. தண்ணீர் இறங்கப் பதினான்கு நிமிடம் ஆனது. அவரே அளந்தார், அவரே எழுதினார். அளந்ததை மறுக்கத் தெரியாத மனுஷி. அதற்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

"அந்தத் தொட்டிய மொதல்ல தினம் ஒரு எடமா மாத்தி வைடா, மடையா" என்றார் தம்பியிடம். "நாளைக்கு மாடுங்க என் பக்கம் வரட்டும்."

இவர் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

நாத்தனார் குனிந்து வேலிக் கம்பியை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"நாளைக்குன்னு சொன்னீங்களே அண்ணி?"

"நாலு வருஷம் ஓய்வெடுத்தது போதும்மா" என்றார்.