நீதிபதி பார்க்க வந்த ஏரி

நீதிமன்ற வளாகத்தில் அவளுக்கு ‘தண்ணி வக்கீல்’ என்று பெயர். கைநிறையக் காசு வரும் மற்ற வழக்குகளை விட்டுவிட்டு ஏரி, குளம், கால்வாய் என்றே கறுப்புக் கோட்டைத் தேய்த்தவள்.

இந்த வழக்கில் வீடு கட்டி விற்கும் நிறுவனம் ஒரே பாட்டைத்தான் பாடியது: அங்கே ஏரியே இல்லை, வெறும் மேய்ச்சல் நிலம். அதற்கு ஒரு பொறியாளரின் சான்றையும் நீட்டியது. வாய்தா மேல் வாய்தா. கடைசியில் நீதிபதி, “நேர்லயே பாத்துடலாம்” என்றபோது அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்று காலை கரையில் ஏறியவள் திகைத்து நின்றுவிட்டாள். போன வாரம் நாரைகள் நின்ற இடத்தில் புது மண் பரப்பியிருந்தார்கள். மதகு ஆவென்று திறந்து கிடந்தது.

“எங்கம்மா உங்க ஏரி?” என்றார் நீதிபதி.

“மதகைத் திறந்து வடிச்சிட்டாங்கய்யா.”

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். “இவங்க வீட்டுக் குழாய்ல தண்ணி நின்னாக்கூட பழியை எங்க கட்சிக்காரர் தலையிலதான் போடுவாங்க.”

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. விறுவிறுவென்று உள்ளே நடந்தாள். கொஞ்ச தூரம்தான், முழங்கால் வரை சேறு இழுத்துக்கொண்டது.

“மேய்ச்சல் நிலம்னீங்களே சார், வந்து தூக்கி விடுங்க!” என்று கத்தினாள்.

அவர் தன் பளபளக்கும் காலணியைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார். நீதிபதியின் ஓட்டுநர்தான் கைகொடுத்து இழுத்தார். நீதிபதி சிரிக்கவில்லை, குனிந்து சேற்றைத் தொட்டுப் பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்றே அவள் நினைத்தாள்.

அடுத்த விசாரணையில் உத்தரவு வந்தது. நிலத்தில் ஈரம் இருப்பது உண்மை. அதன் காரணத்தை ஆராய ஒரு குழு. தலைவர், ஏரியே இல்லை என்று சான்று கொடுத்த அதே பொறியாளர்.

“ஐயா, இவரே...” என்று எழுந்தாள்.

“அதைக் குழுகிட்ட சொல்லுங்கம்மா. அடுத்த கேஸ்.”

வீட்டுக்கு வந்ததும் பையை நாற்காலியில் வீசினாள். “என்னாச்சு?” என்றார் கணவர்.

“ஈரம் எப்படி வந்துச்சுன்னு கண்டுபிடிக்கப் போறாங்களாம். ஏரியில!”

“பேசாம விட்டுட்டு வேற கேஸ் எடேன். டைவர்ஸ் கேஸ்தான் குவியுதே.”

“எடுக்கறேன். முதல்ல நம்மளதுலேருந்தே ஆரம்பிக்கறேன்.”

அவர் சத்தமில்லாமல் சமையலறைக்குள் நழுவினார்.

குழுத் தலைவரை மாற்றக் கோரும் மனுவை எழுத உட்கார்ந்தாள். ‘மாண்புமிகு’ என்று தொடங்க வேண்டும். கை வரவில்லை. பேனாவை வைத்தாள், எழுந்து முகம் கழுவினாள், திரும்பவும் உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.