அவள் கேஸ், அவர் பெட்ரோல்

எங்கள் காருக்கு இரண்டு வயிறு. டிக்கிக்குள் ஒரு கேஸ் டாங்க், வண்டிக்கு அடியில் ஒரு பெட்ரோல் டாங்க். என் கல்யாணத்துக்கு முந்தைய வண்டி அது. மாமனார் வாங்கியது, கேஸ் பொருத்தியதும் அவர்தான். போகும்போது மகனுக்கும் மகளுக்கும் பொதுவாக விட்டுவிட்டுப் போனார். வீட்டையாவது மேலே, கீழே என்று பிரிக்கலாம், காரை எப்படிப் பிரிப்பது? அண்ணனும் தங்கையும் சேர்ந்து அதையும் பிரித்துக் காட்டினார்கள்.

கீழ்வீட்டில் நானும் என் கணவரும். மாடியில் என் நாத்தனார். அவள் கணவருக்குக் கப்பலில் வேலை, வந்தால்தான் உண்டு. அவள் திரைச்சீலை தைத்து, வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுக்கிறவள். அதனால் காலையில் கார் அவளுடையது. இவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறார். செய்து முடித்த கண்ணாடிகளை மதியத்துக்கு மேல் கண் கிளினிக்குகளில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அப்போது கார் இவருடையது. சாவி மாடிப்படிப் பக்கத்து ஆணியில் தொங்கும்.

முன்பெல்லாம் கையில் காசு இருக்கிறவர் எதையாவது ஊற்றுவார், மற்றவர் ஓட்டுவார். ஒரு முறை கேஸ் தீர்ந்துபோய், நாத்தனார் அந்த வாரம் முழுக்கப் பெட்ரோலிலேயே ஓட்டிவிட்டாள். சொல்ல மறந்துவிட்டாள். இவர் நடுரோட்டில் நின்று, வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தார். வந்த வேகத்தில் படியடியில் நின்று கத்தினார்.

"அடுத்தவன் பெட்ரோல்ல ஊர் சுத்தறது சுகமாத்தான் இருக்கும்!"

அவள் மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அடுத்தவனா? நீயா எனக்கு அடுத்தவன்?" என்றாள். அப்புறம் குரல் மாறியது. "சரி. இனிமே உன் பெட்ரோல்ல ஒரு சொட்டு தொடமாட்டேன்."

"உன் கேஸும் எனக்கு வேணாம்!"

முடிந்தது. அன்றிலிருந்து கேஸ் அவளுடையது, பெட்ரோல் இவருடையது. பேச்சு யாருடையதும் இல்லை. சாப்பிட்டாளா என்று இவர் என்னிடம் கேட்பார். இருமுகிறானே, மருந்து வாங்கினானா என்று அவள் என்னிடம் கேட்பாள். நான் மேலேயும் கீழேயும் ஏறி இறங்கியே இளைத்துப்போனேன். அப்பா குணம், இரண்டு பேருக்கும் வீம்பு உடும்புப் பிடி.

பாவம், வண்டிதான் மாட்டிக்கொண்டது. மெக்கானிக் என்னிடம் சொல்லிப் பார்த்தார். "காலையில பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானப்புறம் கேஸுக்கு மாத்தணும்மா. குளிர்ல வெறும் கேஸ்ல எடுத்தா திணறும்." இரண்டு பேரிடமும் சொன்னேன். இரண்டு பேரும் ரேடியோ கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார்கள்.

தினமும் விடிந்தால் அந்தச் சத்தம்தான். அவள் சாவியைத் திருகுவாள். எனக்கு இளைப்பு வந்தால் நெஞ்சு எப்படி இழுக்குமோ, அப்படி வண்டி இழுக்கும். நிற்கும், மறுபடி இழுக்கும். இவர் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். எஞ்சின் பிடித்ததும் பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப் படுப்பார்.

"கொஞ்சம் பெட்ரோல் காட்டினா உடனே எடுத்துக்கும்" என்று ஒருநாள் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அதை அவகிட்ட போய்ச் சொல்றது."

"எனக்கென்ன வந்துச்சு?" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. போன வாரம், பரண் மேலிருந்த பழைய பெட்டிகளை இறக்கித் தூசி தட்டினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும், தூசி எனக்கு ஆகாது என்று தெரியும். மதியம் இவர் வந்தபோது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்ஹேலர் இரண்டு முறை அடித்தும் அடங்கவில்லை. இவர் என்னைப் பின்சீட்டில் உட்கார வைத்துக் காரை எடுத்தார்.

கிளினிக் போகும் வழியில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிக்கொண்டு போனோம். எங்கள் வண்டியின் பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும், அதை நம்புவதற்கில்லை. இவர் மனக்கணக்கில்தான் ஓட்டுவார். பாலத்தின் மேல் ஏறும்போது வண்டி இரண்டு உதறு உதறி நின்றது.

"பெட்ரோல் தீர்ந்துடுச்சு" என்றார். முகம் வெளுத்துவிட்டது. "நீ இப்படியே உக்காரு. நான் ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடறேன்."

பின்னால் ஹாரன் மேல் ஹாரன். வெயில் சீட்டைச் சுட்டது. எனக்கு ஒவ்வொரு மூச்சும் ஊசித் துளை வழியாக இழுப்பதுபோல் இருந்தது. ஸ்டியரிங் பக்கத்தில் அந்தச் சின்ன சுவிட்ச் என் கண் முன்னால்தான் இருந்தது. மேலே தள்ளினால் கேஸ், கீழே தள்ளினால் பெட்ரோல்.

"கேஸ்... போடுங்க" என்றேன்.

சுவிட்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அது அவளோடது" என்றார்.

எனக்கு மட்டும் மூச்சு இருந்திருந்தால் அந்தப் பாலத்திலேயே ஒரு வழி பண்ணியிருப்பேன். மூச்சு இல்லாததால் போனை எடுத்து நாத்தனாரைக் கூப்பிட்டேன். பின்னணியில் தையல் மிஷின் ஓடியது.

"பெட்ரோல்... காலி. பாலத்து மேல. எனக்கு..."

"அண்ணி! இழுக்குதா? அண்ணன் எங்க?"

"நிக்கறார். கேஸ்... தொடமாட்டாராம்."

மிஷின் நின்றது. "ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள். போட்டேன்.

"அண்ணா."

இவர் அந்தப் போனைப் பார்த்த பார்வையை என்னால் சொல்ல முடியாது.

"அண்ணா, சுவிட்ச் போட்டாலும் வராது. நான் டாங்க் வால்வை மூடி வச்சிருக்கேன். தினமும் வண்டியை நிறுத்தினதும் மூடிடுவேன். டிக்கியைத் திற."

"தெரியும்" என்றார் இவர்.

தங்கையிடம் இத்தனை நாளில் இவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"தெரியுமா?"

"கண்ணாடிப் பெட்டியை டிக்கிலதானே வைக்கறேன். தினமும் பார்க்கறேன்."

எனக்குத்தான் தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தினமும் ஒருத்தி மூடுவதும் ஒருத்தர் அதைப் பார்ப்பதுமாக இவ்வளவு நடந்திருக்கிறது. நடுவில் நான் இரண்டு பேருக்கும் செய்தி சுமந்திருக்கிறேன்.

இவர் பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். பெட்டியை நகர்த்தும் சத்தம் கேட்டது. பின்கண்ணாடி வழியாகத் திறந்த மூடிதான் தெரிந்தது.

"திறக்கட்டுமா?" என்று அங்கிருந்து கேட்டார்.

போனில் அவள் வெடித்தாள். "அண்ணிக்கு மூச்சு முட்டுது, என்கிட்ட உத்தரவு கேட்டுட்டு நிக்கறியா? திறடா!"

வால்வோடு மல்லுக்கட்டித் திறந்துவிட்டு ஓடிவந்து சுவிட்சை மேலே தள்ளிச் சாவியைத் திருகினார். எஞ்சின் சூடாக இருந்ததால் ஒரே பிடியில் பிடித்துக்கொண்டது.

கிளினிக்கில் என் முகத்தில் மாஸ்க் வைத்து, மருந்துப் புகையை விட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பு இறங்கியது. இவர் வாசல் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றார். வாடகை வண்டி பிடித்து நாத்தனார் வந்து சேர்ந்தாள். சேலையில் நூல் ஒட்டியிருந்தது. அண்ணனைத் தாண்டி நேராக வந்து என் காலடியில் உட்கார்ந்து, பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மாஸ்கைத் தூக்கினேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏண்டி மூடினே? உன் அண்ணன் திருடிடுவார்னா?"

"அவன் என் கேஸைத் தொடமாட்டான்னு எனக்குத் தெரியாதா அண்ணி?"

"அப்புறம் எதுக்கு?"

அவள் என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூடியிருக்கறதைப் பார்த்தா அவனுக்குக் கோபம் வரும். சண்டை போடவாவது மாடி ஏறி வருவான்னு நினைச்சேன். தினமும் மூடிட்டு உக்காந்திருந்தேன். வரவே இல்ல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாஸ்குக்குள் அழுவது கஷ்டம், மருந்தும் கண்ணீரும் கலந்து மூக்கெல்லாம் எரிந்தது. வாசலில் இவர் தொண்டையைக் கனைத்தார். உள்ளே வந்தார். தங்கைக்கு எதிரே வந்து நின்று, உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"அந்த வால்வை இவ்வளவு இறுக்கமாவா மூடுவே?" என்றார். "கை தோலே உரிஞ்சுபோச்சு. மரை தேஞ்சா யாரு பார்க்கறது?"

அவள் நிமிர்ந்தாள். "இறுக்கி மூடலைன்னா கசியும். அதுகூடத் தெரியாம வண்டி ஓட்டறியா?"

"கசியறதைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தரியா? வெறும் கேஸ்ல ஸ்டார்ட் பண்ணி எஞ்சினையே கொன்னுட்டு!"

"யாரால? நீதானே சொட்டு பெட்ரோலுக்குக் கணக்குப் பார்த்தே!"

"பார்த்தேன்தான்! ஒரு வார்த்தை வந்து கேட்டியா நீ?"

"நீ வந்தியா?"

நர்ஸ் கோபமாகக் கதவைத் திறந்தாள். "இது என்ன ஆஸ்பத்திரியா, சந்தையா? பேஷண்ட் மூச்சு விட வேணாமா? வெளியில போய்ச் சண்டை போடுங்க!"

நான் மறுபடி மாஸ்கைத் தூக்கினேன்.

"அவங்களை அனுப்பிடாதீங்க சிஸ்டர்" என்றேன். "இங்கயே போடட்டும்."